எந்த எண்ணெய் ஊற்றுவது?

(நமது வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)





இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் விடயங்கள் வேறு. நாயன்மார் வரலாறும், விரத மகிமையும், திருவிழா விளக்கமும் கேட்டுப் பழகிய இந்த அவையிலே ஒருவன் என்ஜின் எண்ணெய்ப் போத்தலும் கையுமாக வந்து நின்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். செயலாளர் தலைப்பை வாசித்தபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “விளக்கெண்ணெயா தம்பி?” என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்டாலும் அக்கேள்வி பொருத்தமற்றதன்று. அதற்கு மறுமொழியைச் சற்றுப் பின்னர் சொல்லுகின்றேன்.

முதலில், கோயில் முன்றிலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. நமது தோட்டங்களில் இஃது ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. பஸ் வராத டிவிசனிலிருந்து ஹற்றனுக்கும் தலவாக்கலைக்கும் வேலைக்குப் போகின்றவனுக்கு இதுவே கால். பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதும், மரக்கறி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றுவதும், நடுச்சாமத்தில் மருந்துக்கு ஓடுவதும் இதிலேதான். அதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்ததென்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அம்மாவின் சேமலாப நிதியும், அடகுக்குப் போன சங்கிலியும், மாதந்தோறும் கழுத்தைப் பிடிக்கும் லீசிங் தவணையும் சேர்ந்ததே அந்த இரண்டு சக்கரங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில்தான் அக்கதவு மீளவும் நன்கு திறந்தது. இடையிட்ட அந்த ஆண்டுகளில், பழைய வண்டி ஒன்றின் விலை என்னவாயிற்றென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கையிலுள்ள வண்டியைக் கெடாமற் காப்பது இன்று குடும்ப விடயம்.

ஆயுத பூசை நாளில் நாம் அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதையைப் பார்க்க வேண்டும். கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். நல்லது. நானும் செய்கின்றேன். ஆனால் அன்று வரிசையாக நின்ற வண்டிகளின் எண்ணெய் அளவை ஒருமுறை பார்த்தபோது, மூன்றில் ஒன்று குறைந்த கோட்டுக்குக் கீழே இருந்தது. வெளியே சந்தனம், உள்ளே வறட்சி!

என்ஜினுக்குள்ளே எண்ணெய் என்ன வேலை செய்கின்றது? இரும்பும் இரும்பும் நேரே உரசாதபடி இடையிலே மெல்லிய படலமாக நிற்பது அதன் முதல் வேலை. மாட்டு வண்டியின் அச்சுக்கு நம் முன்னோர் மசகு இட்டதும் இதற்காகவே. அச்சொல்லிலிருந்துதான் மசகெண்ணெய் என்ற பெயர் வந்தது. நமது பத்திரிகைகளோ பூமிக்கடியிலிருந்து எடுக்கும் மூல எண்ணெய்க்கு அப்பெயரைக் கொடுத்துவிட்டன. பள்ளிக்கூடத்துப் புத்தகம் உராய்வுநீக்கி என்கின்றது. கடைக்குப் போனால் ‘ஒயில்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எனவே இந்தப் பெயர்ச் சண்டையை விட்டுவிடுவோம்.

இரண்டாவது வேலை சூட்டைச் சுமந்து செல்வது. நம்மவர் ஓட்டும் 100, 125 சீ.சீ. வண்டிகளில் பெரும்பாலானவை காற்றினாற் குளிர்பவை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டுச் செதில்களிற் காற்று மோத வேண்டும். கொழும்புத் தெருவில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டிக்குக் காற்றுக்குக் குறைவில்லை. இறம்பொடை ஏற்றத்திலோ கினிகத்தேனை வளைவிலோ நாம் எப்படிப் போகின்றோம்? பின்னால் ஒருவர், முன்னால் ஒரு மூட்டை, இரண்டாம் கியர், ஆளோட்ட வேகம். என்ஜின் முழு மூச்சுடன் உழைக்கின்றது, காற்றோ வருவதில்லை. மேலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையிலும் பார்க்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜினின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவுக்குக் குறைகின்றது. குறைந்த வலுவை ஈடுசெய்ய நாம் திராட்டிலை இன்னும் திருகுகின்றோம். குளிர் ஊரிலே வண்டி ஓட்டுகின்றோம், நமக்குச் சூட்டுப் பயமில்லை என்று யாரேனும் நினைத்தால் அது தவறு.

மூன்றாவது வேலையைத்தான் பலர் அறிவதில்லை. மோட்டார் காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கிளச்சுத் தட்டோ எண்ணெய் படாமல் உலர்ந்திருக்கும். நமது மோட்டார் சைக்கிளில் இவை மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஒரே எண்ணெயிலே குளிக்கின்றன. பிஸ்டனைக் காப்பதும், கியர்ப் பற்களைக் காப்பதும், கிளச்சுத் தட்டுகளை நனைத்துக் குளிரவைப்பதும் அந்த ஒரு லீற்றர்தான். சில வண்டிகளில் ஒரு லீற்றர் கூட இல்லை. கார் மூன்று நான்கு லீற்றரை வைத்துக்கொண்டு செய்வதை விட அதிகமான வேலையை, இந்தச் சிறு போத்தல் செய்கின்றது.

இதில் ஒரு முரண் உண்டு. பிஸ்டனுக்கு எவ்வளவு வழுக்குகின்றதோ அவ்வளவு நன்மை. கிளச்சுக்கு வழுக்கக் கூடாது; தட்டும் தட்டும் இறுகப் பிடித்தாற்றான் சக்கரம் சுழலும். வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். மோட்டார் சைக்கிள் எண்ணெய் என்று தனியே ஒன்று இருப்பதற்குக் காரணம் இதுவே. இதை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. பட்டு அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் வேலை செய்த என் நண்பன் தன் முதலாளியின் புதிய காருக்கு ஊற்றியதில் மிஞ்சிய எண்ணெயை எனக்குக் கொண்டுவந்து தந்தான். மிக விலையுயர்ந்த சாதி, தேன் நிறம். கடைக்காரரிடம் நான் வாங்குவதைப்போல் மூன்று மடங்கு விலை என்றான். என் அம்மாவின் சேமலாப நிதியில் வாங்கிய வண்டி அது. அதற்கு இதைக் காட்டிலும் நல்லதை எப்போது கொடுக்கப்போகின்றோம் என்று மகிழ்ந்து, இருந்ததை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். சில வாரங்கள் ஓடிற்று. என்ஜின் சத்தம் கூட முன்னையிலும் மெதுவாயிற்று என்று பெருமைப்பட்டேன்.

ஒருநாள் அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் என்ஜின் கத்துகின்றது, வண்டி போகவில்லை. திராட்டிலைத் திருகத் திருகச் சத்தம் கூடுகின்றதேயன்றிச் சக்கரம் அசையவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. நான் என்ன செய்வதென்று அறியாமல் நிற்க, அம்மா இறங்கி, சேலைத் தலைப்பைத் தலையிற் போட்டுக்கொண்டு சொன்னார்: “நான் ஏறாத மலையாப்பா இது? நீ வண்டியத் தள்ளிக்கிட்டு வா.” முப்பது வருடம் கூடையுடன் மலை ஏறியவர் எனக்கு முன்னால் நடந்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்றைக்குப் போல் வெட்கப்பட்ட நாள் எனக்கு வேறில்லை.

கிளச்சுத் தட்டுகள் எரிந்து தேய்ந்துவிட்டிருந்தன. அவற்றை மாற்றி, அந்தத் தேன் நிற எண்ணெயை முற்றாக வடித்து, உரிய எண்ணெயை ஊற்றிய பின்னரே வண்டி பழைய நிலைக்கு வந்தது. அந்த எண்ணெயிற் குற்றமில்லை. காருக்கு அது நல்ல எண்ணெய். பெற்றோலைச் சேமிக்கும் பொருட்டு இன்றைய கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் விசேட மருந்துகளைச் சேர்க்கின்றார்கள். அம்மருந்துதான் கிளச்சுத் தட்டை வழுக்கச் செய்கின்றது. எனவே எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதனால் எண்ணெய் பொருத்தமானதாகிவிடாது.

இந்தத் தொல்லையை யப்பானியர் 1990களிலேயே கண்டுகொண்டனர். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமாகிய ஏ.பி.ஐ. வகுத்த தரங்கள் காரை மனத்திற்கொண்டு மாறிக்கொண்டே போயின. ஹோண்டா, யமஹா, சுசுக்கி, கவாசாக்கி என உலகுக்கே மோட்டார் சைக்கிள் செய்து அனுப்பிய நாட்டுக்கு அது ஒத்துவரவில்லை. ஆதலால் 1998ஆம் ஆண்டில் ஜாசோ என்ற யப்பானிய அமைப்பு, நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கெனத் தனியே ஒரு தரம் விதித்தது. கிளச்சு வழுக்காமல் நன்கு பிடிக்கும் எண்ணெய்க்கு எம்.ஏ. என்றும், உராய்வு குறைந்த எண்ணெய்க்கு எம்.பி. என்றும் பெயர். 2006இல் எம்.ஏ. என்பதையும் எம்.ஏ.1, எம்.ஏ.2 என இரண்டாக வகுத்தனர், இவற்றுள் எம்.ஏ.2 அதிகம் பிடிப்பது.

நீங்கள் கிளச்சைக் கையாற் பிடித்துக் கியர் மாற்றும் வண்டி வைத்திருந்தால் போத்தலின் முதுகைத் திருப்பி ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்ற எழுத்தைத் தேடுங்கள். அஃது இல்லையேல் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். நம் தங்கைமார் ஓட்டும் ஸ்கூட்டரின் கதை வேறு. அதிலே கிளச்சு எண்ணெய்க்கு வெளியே உலர்ந்து நிற்கின்றது. ஆகவே அதற்கு எம்.பி. எண்ணெயே பெரும்பாலும் விதிக்கப்படுகின்றது. அண்ணன் வண்டிக்கு வாங்கியதில் மிஞ்சியதைத் தங்கை ஸ்கூட்டருக்கு ஊற்றினால் பெரிய கேடு வராது. ஸ்கூட்டரினதை அண்ணன் வண்டிக்கு ஊற்றினால், அடுத்த முறை அம்மா நடக்க வேண்டியதுதான். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தருகே சிறு கியர்ப் பெட்டி ஒன்றும் உண்டு. அதற்கும் கொஞ்சம் எண்ணெய் தனியே தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றார்கள்.

லொறிக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றியும் கேட்பீர்கள். பீப்பாயிலிருந்து அளந்து மலிவாகக் கொடுக்கின்றார்கள். டீசல் என்ஜினுக்கென்று செய்தது அது. நம் கிளச்சை நினைத்து யாரும் அதைச் சோதித்ததில்லை; போத்தலில் எம்.ஏ. என்று அச்சிட்டிருந்தாலன்றி அதைத் தொடாதீர்கள்.

இனி அந்த இலக்கங்களுக்கு வருவோம். 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 50 என்று எழுதியிருக்கின்றதே, அதன் பொருள் என்ன? டபிள்யூ என்றால் ‘வெயிட்’, அதாவது எடை, என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அன்று. அது ‘வின்ரர்’ என்னும் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கம் 1911ஆம் ஆண்டிலேயே எண்ணெயின் தடிப்புக்கு இலக்கமிடத் தொடங்கிவிட்டது.

இதை விளக்க நமக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, சமையலறை போதும். தைமாதத்து விடியலில், துகள் பனி புல்லின் மேல் வெள்ளை விரித்திருக்கும்போது, தேங்காயெண்ணெய்ப் போத்தல் என்னவாகின்றது? கல்லாகின்றது. அதை அடுப்பங்கரையில் வைத்து உருக்கித்தானே தலைக்கு வைக்கின்றோம்? கித்துள் பாணி போத்தலைக் கவிழ்த்தாலும் இறங்க மறுக்கின்றது. சுடவைத்தால் தண்ணீர் போல் ஓடுகின்றது. என்ஜின் எண்ணெயும் அவ்வாறே. குளிரில் அளவுக்கு மிஞ்சித் தடித்துவிட்டால் உரிய இடத்துக்கு ஓடிச் சேராது. சூட்டில் அளவுக்கு மிஞ்சி இளகினால் படலம் அறுந்து இரும்பு உரசும். முதல் இலக்கம் குளிரிலே அஃது எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்லும். சிறிதாக இருந்தால் நன்றாக ஓடும். இரண்டாம் இலக்கம் 100 பாகை சென்டிகிரேட் சூட்டிலே எவ்வளவு தடிப்பு மிஞ்சியிருக்கும் என்பதைச் சொல்லும். பெரிதாக இருந்தால் தடிப்பு அதிகம்.

ஓர் எண்ணெய்க்கு இரண்டு இலக்கம் எப்படி வாய்த்தது என்று கேட்கலாம். எண்ணெய்க்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நீண்ட இழைகளைக் கலந்திருக்கின்றார்கள். குளிரிலே அவை சுருண்டு கிடக்கும். சூடேறினால் விரிந்து எண்ணெய் இளகிப்போகாமல் தாங்கும். நமது கியர்ப் பற்கள் ஓடும்போது இந்த இழைகளைக் கத்தரிக்கின்றன. நாளடைவில் 40 என்று எழுதிய எண்ணெய் 30இன் தடிப்புக்கு இறங்கிவிடுவதுண்டு. எண்ணெய் கறுக்காவிட்டாலும் மாற்ற வேண்டும் என்பதற்கு இஃது ஒரு காரணம். நிறத்தைப் பார்த்து எண்ணெயை மதிப்பிடுவது ஏமாற்றமே. கறுத்த எண்ணெய் கரியைக் கழுவிச் சுமக்கின்றது என்றும் பொருள்படும். தெளிந்த எண்ணெய் வலுவிழந்திருக்கவும் கூடும்.

நமது மலைக்கு எந்த இலக்கம்? “குளிர் ஊர், ஆகையால் இளகிய எண்ணெய்” என்று ஒரு கட்சி. “ஏற்றம், ஆகையால் தடித்த எண்ணெய்” என்று மறு கட்சி. கராஜ் வாசலில் இந்த வழக்குத் தீர்ந்தபாடில்லை. குளிரைப் பொறுத்தவரை நாம் அஞ்ச வேண்டியதில்லை. 20 டபிள்யூ எண்ணெயைப் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையிலும், 10 டபிள்யூ எண்ணெயைக் கீழே 25 பாகையிலும் வைத்துச் சோதிக்கின்றார்கள். நமது துகள் பனி பூச்சியத்தை ஒட்டியே நிற்பது. ஆகவே இரண்டிலும் வண்டி உயிர்பெறும். ஆனால் 10 டபிள்யூ எண்ணெய் விடியற்காலையில் மேல்தலைக்கு விரைவாக ஏறும். கிளச்சும் ஒட்டிப் பிடிக்காது. மறுபக்கத்தில், தேய்ந்த பழைய என்ஜினுடன் ஏற்றத்தில் மூட்டை ஏற்றி, அவிசாவளைச் சூட்டுக்கும் இறங்கி ஏறுபவனுக்கு இரண்டாம் இலக்கம் சிறிதாக இருந்தால் எண்ணெய் எரிந்து குறையும்.

வழக்கைத் தீர்ப்பது நமது அபிப்பிராயமன்று, வண்டியைச் செய்தவனின் கைநூல். பஜாஜ் வண்டிகள் பலவற்றுக்கு 20 டபிள்யூ 50 என்று நெடுங்காலமாக விதித்து வந்தனர். ஹீரோ, ஹோண்டாச் சிறு வண்டிகளுக்கு 10 டபிள்யூ 30 என்பதே பெரும்பாலும் விதி. யமஹா புதிய வண்டிகளுக்கு 10 டபிள்யூ 40ஐக் காணலாம். ஒரே கம்பனிக்குள்ளும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுமாதலால் என் சொல்லை நம்பி வாங்காமல் உங்கள் கைநூலைத் திறவுங்கள். இரண்டாங்கை வண்டிக்குக் கைநூல் இருப்பதில்லை என்பது உண்மையே. எண்ணெய் மூடியின் மேலோ அதனருகிலோ இலக்கமும் அளவும் பொறித்திருப்பதுண்டு. இல்லையேல் கம்பனி முகவரிடம் மாதிரியும் ஆண்டும் சொல்லிக் கேட்கலாம். கைநூல் இரண்டு மூன்று இலக்கங்களை அனுமதித்தால், நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்தில் விடிகாலை ஓட்டமே அதிகமுள்ளவர் முதல் இலக்கம் சிறியதை எடுக்கலாம். பாரம் ஏற்றித் தாழ்நிலத்துக்கு அடிக்கடி இறங்குபவர் இரண்டாம் இலக்கம் பெரியதை எடுக்கலாம். நமது சுயபுத்திக்கு இடம் அவ்வளவே.

இப்பொழுது பெரியவரின் விளக்கெண்ணெய்க்கு வருவோம். ஐயா, ஒரு காலத்தில் அதுவும் என்ஜினுக்கு ஊற்றப்பட்டது! 1899இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் வேக்பீல்ட் என்பவர் தொடங்கிய எண்ணெய்க் கம்பனி, 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்து ஓர் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் ‘காஸ்ட்டர்’ என்று பெயர். அதிலிருந்தே ‘காஸ்ட்ரோல்’ பிறந்தது. ஆரம்பகால ஆகாயவிமானங்களும் பந்தய மோட்டார் சைக்கிள்களும் நமது பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்த அந்த எண்ணெயிலே ஓடியவை. கடுஞ் சூட்டிலும் அதன் படலம் அறுவதில்லை. ஆனால் நாட்பட்டால் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஆகையால் இன்றைய வண்டிக்கு அது வேண்டாம், வயிற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

அடுத்து, போத்தல் உண்மையானதா என்ற கேள்வி. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்த பின்னர் நீண்ட காலம் எண்ணெய் ஓரிடத்திலிருந்தே வந்தது. 1990களில் அவ்வியாபாரம் தனியார் கைக்கு மாறி, பிற்பாடு பல கம்பனிகளுக்கும் திறக்கப்பட்டது. இத்துறையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கவனித்து வருகின்றது. அனுமதி பெற்ற கம்பனிகளே எண்ணெயை இறக்கவும் கலக்கவும் முடியும். அப்படியிருந்தும் வடித்த பழைய எண்ணெயைத் தெளியவைத்து, பெயர்பெற்ற போத்தலில் அடைத்து விற்பவர் இருக்கத்தான் செய்கின்றனர். வெற்றுப் போத்தலை முழுதாக விலைக்குக் கேட்பவர் எதற்குக் கேட்கின்றார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் போத்தலைக் கத்தியால் அறுத்த பின்பே எறிகின்றேன். முத்திரை உடையாத மூடியும், அழியாத தொகுதி இலக்கமும் பார்த்து, பெற்றோல் நிலையத்திலோ அறிந்த கடையிலோ வாங்குங்கள். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. ஒரு போத்தல் எண்ணெய்க்கு அந்த நாட்சம்பளம் பெரும்பாலும் போதாது. அம்மா ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்த காசைக் கொடுத்து யாரோ வடித்த கழிவை வாங்கலாமா?

சிந்தெற்றிக் என்னும் செயற்கை எண்ணெயே சிறந்தது என்று கடையிற் சொல்வார்கள். சிறந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் சிறு வண்டிக்கு, கைநூல் கேட்கும் இலக்கமும் எம்.ஏ. குறியும் உள்ள சாதாரண மினரல் எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுகின்றவன், விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு இரண்டு வருடம் மறந்திருப்பவனைக் காட்டிலும் தன் என்ஜினுக்கு நன்மை செய்கின்றான். கைநூலிற் சொன்ன தூரம் வண்டிக்கு வண்டி வேறுபடும். நமது ஏற்றத்தை நினைத்து நான் 2,000 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை. அஃது என் சொந்தக் கட்டுப்பாடு.

தூரம் ஓடாவிட்டாலும் காலக் கணக்கு உண்டு. லயத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து மடுவத்துக்கும் என்று குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டி நன்கு சூடேறுவதில்லை. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவி என்ஜினுக்குள்ளேயே குளிர்ந்து எண்ணெயுடன் கலக்கின்றது. அளவுகோலை இழுத்துப் பார்த்தால் பாற்கஞ்சி போல வெளுத்திருக்கும். சோக் இழுத்தபடியே ஓட்டினால் எரியாத பெற்றோலும் சேரும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் எண்ணெய் மாற்ற வேண்டும். இடைக்கிடை ஒரு நீண்ட ஓட்டமும் கொடுக்க வேண்டும்.

இன்னுமொரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2022இல் வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். அட்டையுடன் நின்ற காலத்தில், இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு நியூற்றலில் உருளும் வித்தையைப் பலரும் கற்றுக்கொண்டோம். பெற்றோல் கிடைத்த பின்னரும் பழக்கம் போகவில்லை. என்ஜின் நின்றால் எண்ணெயை இறைக்கும் பம்பும் நின்றுவிடும். கியர்ப் பெட்டியிலோ பின்சக்கரத்துடன் இணைந்த அச்சு சுழன்றுகொண்டேயிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, என்ஜின் பிடிக்காத வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுவது. தலவாக்கலை இறக்கத்திலே பிரேக் சூடேறி வழுக்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றார்கள். பெயர் சொல்லவில்லை; அவர்களே சிரிக்கின்றார்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? லயத்துக் கானில் ஊற்றிவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் நமது கான் எங்கே போகின்றது? டிக்கோயாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீயிலும், மஸ்கெலியாத் தண்ணீர் மவுசாக்கலையிலும் தேங்கிக் களனி கங்கைக்கு இறங்குகின்றது. கொழும்பு குடிப்பது அதைத்தான். நானுஓயாவினதும் தலவாக்கலையினதும் கொத்மலை ஓயாவுக்குச் சென்று மகாவலியிற் சேருகின்றது. நாட்டுக்கே தண்ணீர் வார்க்கும் தலைமேட்டில் நாம் குடியிருக்கின்றோம். பழைய கேனில் அடைத்து, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். வேலிக் கம்பின் அடியிற் பூசிக் கறையானைத் தடுக்கும் பழைய வழக்கமும் உண்டு. கிணற்றுக்கும் பீலிக்கும் தொலைவில் என்றால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

அளவு பார்க்கும் முறையைச் சொல்லி முடிக்கின்றேன். வண்டி சமதரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத் தாங்கியில் சாய்த்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அதைத் திருகி இறுக்காமல் வெறுமனே வைத்து எடுக்க வேண்டும். சில வண்டிகளில் கண்ணாடிச் சாளரம் இருக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறே. எண்ணெய் நுரைத்துக் கசியும். தோட்டத்தில் சமதரைக்கு எங்கே போவதென்று கேட்பீர்கள். கொழுந்து மடுவத்தை விட்டால் இந்தக் கோயில் முன்றில் ஒன்றுதான் சமதரை. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது தீபாராதனைக்கு முன்னர் ஐந்து நிமிடம் போதும்.

இன்று வெள்ளிக்கிழமையன்று, ஆனாலும் வண்டிகள் எல்லாம் வெளியே நிற்கின்றன. ஒரு பழைய சாரத்தைக் கிழித்துத் துடைக்கத் துணியும், 20 டபிள்யூ 50 எம்.ஏ. ஒரு போத்தலும், 10 டபிள்யூ 30 எம்.ஏ. ஒரு போத்தலும் கொண்டுவந்திருக்கின்றேன். தலைவர் அனுமதித்தால், தேநீர் வருவதற்குள் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவிடலாம். ஐயா, உங்கள் மகனின் வண்டியிலிருந்து தொடங்குவோமா?